அப்பாவின் கைக்கு விஆர் கண்ணாடியா, 'மனசுக்குள்ளே செய்' என்கிற பயிற்சியா?

கொலுசுப்பட்டறை:

வணக்கம். எங்கள் வீடு சேலம் சிவதாபுரம். அப்பாவுக்கு 58 வயது. பதினாறு வயதில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் உட்கார்ந்தவர், அதற்கப்புறம் எழுந்ததே இல்லை. கம்பி இழுப்பது, சங்கிலி பின்னுவது எல்லாம் வேறு ஆட்கள் செய்வார்கள். பொடி வைத்துப் பத்தவைக்கிற வேலை மட்டும் அப்பா கைக்குத்தான் வரும். வலது கையில் சாமணம் என்கிற சின்ன இடுக்கி, இடது கையில் ஊதுகுழல். கடுகைவிடச் சின்ன அளவு பொடியை இணைப்பில் வைத்து ஒரு ஊது ஊதினால் அரும்பு சங்கிலியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நான்கு மாதம் முன்பு ஒரு காலையில் சாமணம் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சரிந்துவிட்டார். மூளையில் இடது பக்கம் அடைப்பு. நேரத்துக்குக் கொண்டுபோய்விட்டோம், ஊசியும் போட்டார்கள். இப்போது தடி ஊன்றித் தெருமுனை டீக்கடை வரை நடக்கிறார். பேசும்போது சொல் தேடுகிறார், ஆனால் நாம் சொல்வது முழுக்கப் புரிகிறது. வலது கைதான் பிரச்சினை. தோளைக் கொஞ்சம் தூக்குகிறார், முழங்கையை மடக்குகிறார். விரல் மடங்குகிறது, விரிக்க வரவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொட்டு நான்கு மாதமாகிறது.

போன வாரம் ஒரு தனியார் பிசியோ சென்டரில் தலையில் விஆர் (மெய்நிகர் காட்சி) கண்ணாடியை மாட்டிக் காட்டினார்கள். கண்ணுக்கு முன்னால் ஒரு தோட்டம், மரத்திலிருந்து ஆப்பிளைப் பறித்துக் கூடையில் போட வேண்டும். பன்னிரண்டு நாள் பேக்கேஜ் 18,000 ரூபாய். அப்பா கூடையைப் பார்த்துச் சிரித்தார். ஸ்ட்ரோக் வந்த பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அது. அந்தச் சிரிப்புக்காகவே பணத்தைக் கட்டிவிடலாமா என்றிருந்தது.

வீட்டுக்கு வரும் பிசியோ தம்பி வேறொன்று சொல்கிறார். "கண்ணை மூடி, பட்டறை வேலையை மனசுக்குள்ளே செய்யச் சொல்லுங்கக்கா. அதுவும் பயிற்சிதான்." என் தம்பிக்கு இரண்டின் மேலும் நம்பிக்கை இல்லை. ஒன்று வியாபாரம், இன்னொன்று சாமியார் வேலை என்கிறான்.

இவற்றில் எது உண்மையிலேயே வேலை செய்யும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். பட்டறை இப்போது பாதி நாள்தான் ஓடுகிறது, 18,000 எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை.

அம்மாபேட்டை மாப்பிள்ளை:

கட்டாதீர்கள். நாங்கள் கட்டவில்லை, அதைவிடப் பெரிய தப்பைச் செய்தோம். என் மாமனாருக்காகக் கண்ணாடியையே ஆன்லைனில் வாங்கினோம். முதல் வாரம் தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. அவர் கிரிக்கெட் ஆடினார், மீன் பிடித்தார், பலூன் உடைத்தார். ஒரு மாதம் கழித்துத்தான் என் மனைவி கவனித்தாள்: எல்லாவற்றையும் நல்ல கைதான் செய்கிறது. வாதம் வந்த கை மடியில் பூனைக்குட்டி மாதிரி தூங்குகிறது. அந்தக் கையில் பிடிக்கிற கருவியைத் துணியால் கட்டிவிட்டுப் பார்த்தோம். இடுப்பை வளைத்து, உடம்பையே ஆட்டிப் பலூனை உடைத்தார், கை நகரவில்லை. அப்புறம் தலை சுற்றுகிறது என்றார். கண்ணாடி இப்போது பீரோவில், பட்டுப்புடவைக்கு மேலே இருக்கிறது. வேண்டுமானால் பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் (விளையாட்டுக்குச் சொன்னேன், வேண்டாம்).

மனசுக்குள் செய்வது பற்றி எனக்குத் தெரியாது. என் மாமனார் மனசுக்குள் அரசியல்தான் செய்வார்.

பிசியோ அக்கா:

நான் சேலத்தில் பதினான்கு வருடமாகப் பிசியோவாக இருக்கிறேன். ஸ்ட்ரோக் நோயாளிகள்தான் அதிகம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஆர் எதற்காக வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். கை திரும்ப வர எண்ணிக்கை வேண்டும். ஒரே அசைவைத் திரும்பத் திரும்ப, பலனோடு செய்ய வேண்டும். 2009இல் கேத்தரின் லாங் என்கிற அமெரிக்க ஆய்வாளரின் குழுவினர் 312 சிகிச்சை அமர்வுகளைப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினார்கள். பொருளை எடுப்பது, வைப்பது மாதிரி உபயோகமான கை அசைவுகள் ஓர் அமர்வுக்குச் சராசரியாக 32தான் நடந்தன. விலங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் மூளை மாறுவதற்கு நூற்றுக்கணக்கில் செய்ய வைத்தார்கள். எங்கள் தொழிலே தலைகுனிய வேண்டிய கணக்கு இது. எங்கள் அறையில் வந்துபோகிறவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். விளையாட்டு என்றால் ஆள் அலுப்புத் தெரியாமல் நூறு, நூற்றைம்பது முறை கையை நீட்டுவார். விஆரின் உண்மையான பலம் அதுதான். கண்ணாடிக்குள் மந்திரம் எதுவும் இல்லை.

2016இல் எவரெஸ்ட் என்று பெயர் வைத்த ஆய்வின் முடிவு வந்தது. கனடா, அர்ஜென்டினா, பெரு, தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளில், ஸ்ட்ரோக் வந்து மூன்று மாதத்துக்குள் இருந்த 141 பேரை எடுத்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு டிவியில் ஆடும் 'வீ' (Wii) வீடியோ விளையாட்டு. மறு பாதிப் பேருக்குச் சீட்டாட்டம், டொமினோ மாதிரிச் சாதாரண பொழுதுபோக்கு. இரண்டு வாரத்தில் பத்து அமர்வு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். இரண்டு கூட்டத்துக்கும் கை தேறியது, ஆனால் ஒன்றுக்கொன்று வித்தியாசம் இல்லை. அது தலையில் மாட்டும் கண்ணாடி இல்லை, டிவிதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதைப் படித்த அன்று என் அம்மாவின் பல்லாங்குழியை எடுத்துக்கொண்டு போய்ச் சிகிச்சை அறையில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

2017இல் காக்ரேன் அமைப்பு 72 ஆய்வுகளை, 2,470 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. வழக்கமான பயிற்சிக்குப் பதிலாக விஆர் கொடுத்தால் கைக்குக் கூடுதல் லாபம் அப்போது தெரியவில்லை. வழக்கமான பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தால் லாபம் தெரிந்தது. ஆகவே அந்த சென்டரில் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: பயிற்சி நேரத்தைக் குறைத்துக்கொண்டு கண்ணாடியா, அதற்கு மேலேயா? அப்புறம், ஆப்பிளை அப்பா எப்படிப் பிடித்தார்? பொத்தானை அழுத்தினால் படத்தில் கை தானாக விரிகிறதா? அப்பாவுக்கு விரல் விரிக்கத்தான் வரவில்லை. படத்தில் இருக்கிற கை விரிந்து அவருக்கு என்ன பயன்? மேலே மாப்பிள்ளை சொன்னதும் நூற்றுக்கு நூறு சரி. உடம்பு சாய்ந்து கை போனால் அது கைப்பயிற்சி இல்லை. வலிப்பு வந்திருந்தால் டாக்டரைக் கேட்காமல் மாட்டவே கூடாது. மாட்டினால் கைப்பிடி உள்ள நாற்காலி, பக்கத்தில் ஓர் ஆள்.

இப்போது 'சாமியார் வேலை'. உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள், அது அப்படி இல்லை. கையை அசைப்பதாக நினைக்கும்போது, அசைவைத் திட்டமிடுகிற மூளைப் பகுதிகள் உண்மையாகவே வேலை செய்கின்றன. 2007இல் ஸ்டீபன் பேஜ் என்பவர், ஸ்ட்ரோக் வந்து நீண்ட காலமான 32 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார். எல்லாருக்கும் ஒரே கைப்பயிற்சி. அதோடு பாதிப் பேர் அதே அசைவை மனசுக்குள் செய்தார்கள், மீதிப் பேர் உடம்பைத் தளர்த்தும் ஒலிநாடா கேட்டார்கள். மனசுக்குள் செய்தவர்களின் கை நன்றாகத் தேறியது, மற்றவர்களுக்குச் சொல்லும்படி மாற்றமில்லை.

அதோடு நிறுத்தினால் நானும் வியாபாரி ஆகிவிடுவேன். 2011இல் பிரிட்டனில் 121 பேரை வைத்து இன்னும் பெரிய ஆய்வு ஒன்று வந்தது. அங்கே அவர்கள் கொடுத்த மனப்பயிற்சியால் பலன் ஏதும் தெரியவில்லை. அதில் மனப்பயிற்சியைக் கைப்பயிற்சியோடு கோத்துக் கொடுக்கவில்லை, தனியாகத்தான் கொடுத்தார்கள். பேஜ் ஆய்வில் இரண்டும் ஒரே அசைவு, ஒட்டிக்கொண்டே நடந்தது. வித்தியாசம் அங்கேதான் என்பது என் கணிப்பு. 2020இல் காக்ரேன் 25 ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, மற்றச் சிகிச்சையோடு சேர்த்தால் கையின் உபயோகம் கூடுகிறது என்றது. ஊறுகாய் நல்லதுதான், ஆனால் சோறு வேண்டும்.

கடைசியாக ஒன்று: அப்பாவை எழுப்பும்போது வலது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தோள் மூட்டு நழுவியிருந்தால் வலியில் பயிற்சியே நின்றுபோகும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே பிசியோ வருவார்கள், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அது பணம் கட்ட வேண்டிய விஷயமும் இல்லை.

இருபதாவது வளைவு:

கண்ணு, நான் ஏற்காட்டுக்காரன். காப்பித் தோட்டத்தில் முப்பது வருடம் மேஸ்திரியாக இருந்தேன். எனக்கு அடித்தது மூன்று வருடம் முன்பு, மார்கழியில், பழம் எடுக்கிற நேரம். ராத்திரி இடது கை மரத்தது. குளிர் என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தேன். விடிந்ததும் ஜீப்பில் இருபது வளைவும் இறக்கி சேலம் கொண்டுபோனார்கள். நாலரை மணி நேரத்துக்குள் வந்திருந்தால் அடைப்பைக் கரைக்கிற ஊசி போட்டிருக்கலாம் என்றார் டாக்டர். அந்தத் தைலப் பாட்டிலை வீட்டுக்காரி இன்னும் மன்னிக்கவில்லை.

தினமும் மலை இறங்கிப் பயிற்சிக்குப் போக முடியுமா? வாரம் இரண்டு நாள்தான் போனேன். மற்ற நாளுக்கு அங்கிருந்த பிசியோ அம்மா இந்த மனசு வேலையைச் சொல்லிக்கொடுத்தார். பிசியோ அக்கா சொன்னது எல்லாம் எனக்குத் தெரியாது. உட்கார்ந்து செய்தால் எப்படி இருக்கும் என்பது தெரியும், அதைச் சொல்கிறேன்.

"உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச வேலை ஒண்ணு சொல்லுங்க" என்றார். பழம் பறிக்கிறது என்றேன். "கண்ணை மூடிப் பறிங்க" என்றார். மூடினேன். நான் தெரிந்தேன். தொப்பி போட்டுக்கொண்டு, செடிக்குப் பக்கத்தில் நின்று பறித்துக்கொண்டிருந்தேன், கல்யாண வீடியோவில் நம்மையே பார்க்கிற மாதிரி. எத்தனை கிலோ ஆச்சு என்று கேட்டார். அரைக் கூடை என்றேன். "அது பகல் கனவு. உள்ளே இருந்து பறிங்க. உங்க கண்ணுக்குக் கைதான் தெரியணும், முகம் தெரியக் கூடாது. பழம் ஜில்லுன்னு இருக்கா?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது கண்ணு. உள்ளே இருந்து பார்த்தால், நினைப்பில்கூட என் இடது கை விரியவில்லை. கொப்புத் தெரிகிறது, பழம் தெரிகிறது, விரல் மட்டும் மூடிக்கொண்டே இருக்கிறது. கையை மட்டுமல்ல, கையின் ஞாபகத்தையும் வாதம் தொட்டிருக்கிறது. அன்றைக்கு அழுதேன், ஒளிக்க ஒன்றுமில்லை.

அப்புறம் அந்த அம்மா ஒரு வழி சொன்னார். முதலில் வலது கையால் நிஜமாகவே ஒரு கொப்பில் பறி. மெதுவாகப் பறி. பனி ஈரம், தோலின் வழவழப்பு, பழத்தைத் திருகும்போது காம்பு செடியிலேயே நின்று பழம் மட்டும் கழல்கிற அந்தச் சின்ன 'டக்'. அதை மனசில் வாங்கிக்கொண்டு, கண்ணை மூடி அதே பழத்தை இடது கைக்குக் கொடு. நேரமும் பார்க்கச் சொன்னார். வலது கைக்குப் பத்துப் பழத்துக்கு எத்தனை நொடியோ, நினைப்பிலும் ஏறக்குறைய அத்தனை நொடி ஆக வேண்டும். நான் முதலில் மூன்றே நொடியில் பத்தையும் பறித்துவிட்டேன்! முப்பது வருட மேஸ்திரி நான், அப்படிப் பறிக்கிற ஆளைப் பார்த்ததே இல்லை. கள்ளக்கணக்கு. அதை விட்டுவிட்டு நிஜ வேகத்துக்கு வர மூன்று வாரம் ஆனது.

தினமும் காலையில் பதினைந்து நிமிடம் மனசு வேலை, முடிந்ததும் உடனே நிஜப் பயிற்சி. பழம் இல்லாத மாதத்தில் மிளகுச் சரம், அதுவும் இல்லாவிட்டால் சட்டைப் பொத்தான். கண்ணை மூடியதும் நேராக வேலைக்குப் போகாமல், இருபதாவது வளைவிலிருந்து ஒவ்வொரு வளைவாக ஒன்றாவது வரை இறங்குவேன். அதற்குள் உடம்பு தளர்ந்துவிடும். இது அந்த அம்மா சொன்னதில்லை, என் சொந்தச் சரக்கு.

எனக்கு எவ்வளவு வந்தது? பொய் சொல்ல மாட்டேன். இப்போது இடது கை கொப்பை வளைத்துப் பிடிக்கும், வலது கை பறிக்கும். முன்னால் இரண்டும் பறித்தன. கூலி ஆளாக இருந்தால் என்னை வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் வேட்டியை நானே கட்டுகிறேன்.

அப்பாவுக்கு ஆப்பிள் எதற்கு? அவர் வாழ்க்கையில் ஆப்பிள் பறித்தாரா? சாமணத்தைக் கொடுங்கள்.

கொலுசுப்பட்டறை:

ஐயா, உங்கள் பதிலை அப்பாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "மூன்று நொடியில் பத்துப் பழம்" என்ற இடத்தில் சிரித்தார். ஒரு சந்தேகம்: கண்ணை மூடச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் தூங்கிவிடுகிறார். தூக்கமா, பயிற்சியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பிசியோ அக்கா:

சாப்பிட்ட பிறகு வேண்டாம், காலையில் செய்யுங்கள். ஸ்ட்ரோக் வந்தவர்களுக்குச் சோர்வு நிஜமான விஷயம், சோம்பேறித்தனம் இல்லை. கட்டிலில் வேண்டாம், நாற்காலியில் உட்காரட்டும். தொடக்கத்தில் ஐந்து நிமிடம் போதும். சொல் தேடுகிறவர் என்பதால் நீளமான வர்ணனை கூடாது. சின்னச் சின்ன வாக்கியம், நடுவில் இடைவெளி. ஒவ்வொரு படி முடிந்ததும் நல்ல கையின் விரலைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். விரல் வரவில்லையா, தூங்கிவிட்டார்.

கொலுசுப்பட்டறை:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

பேக்கேஜ் எடுக்கவில்லை. அந்த சென்டரில் பேசி, சனிக்கிழமை மட்டும் ஒரு தடவைக்கு 1,500 கொடுத்துப் போகிறோம், அதுவும் இதுவரை மூன்று தடவைதான். வழக்கமான பயிற்சி முடிந்த பிறகு இருபது நிமிடம் ஆப்பிள். நல்ல கையைப் பெல்ட்டுக்குள் நுழைத்துக்கொள்ளச் சொல்கிறோம். பலன் எவ்வளவு என்று சொல்லத் தெரியவில்லை, அன்றைக்கு முழுக்க முகம் தெளிவாக இருக்கிறது. என் தம்பி இதற்குச் 'சிரிப்புச் செலவு' என்று பெயர் வைத்திருக்கிறான்.

மனசுக்குள் செய்வதற்கு நாங்கள் ஒரு ஒலிப்பதிவு செய்தோம். என் தம்பி பட்டறையில் உட்கார்ந்து பத்தவைக்க, நான் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகச் சொன்னேன். "சாமணத்தை எடுங்க. ஜில்லுன்னு இருக்கு. பொடியை எடுங்க. இணைப்புல வைங்க." பின்னால் ஊதுகுழல் சத்தம், மெருகு போடுகிற அறையின் இரைச்சல் எல்லாம் அப்படியே பதிவாகிவிட்டது. அப்பாவிடம் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தவர் பாதியில் தொடையில் தட்டி நிறுத்தினார். முகமெல்லாம் கோபம். சொல்லுக்காக ஒரு நிமிடம் திணறினார். பிறகு தெளிவாக வந்தது: "முதல்ல... வெண்காரம்."

பத்தவைப்பதற்கு முன்னால் இணைப்பில் வெண்காரம் தடவ வேண்டும். தம்பி அதைத் தடவாமல் பொடியை வைத்திருக்கிறான். பதிவுக்காகத்தானே என்று விட்டுவிட்டானாம். நாற்பது வருடம் ஒரு முறைகூட விடாதவருக்கு நினைப்பில் அந்தப் படியைத் தாண்டிப் போக முடியவில்லை. இரண்டாவது தடவை அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் தலையாட்டத் தலையாட்டப் பதிவு செய்தோம். தம்பி திட்டு வாங்கினான், ஆனால் 'சாமியார் வேலை' என்ற பேச்சு அன்றோடு நின்றது.

காலை ஆறரைக்கு நாற்காலி. எட்டு நிமிடப் பதிவு. முடிந்ததும் நெருப்பில்லாமல் நிஜச் சாமணம், ஒரு தட்டில் புளியங்கொட்டை. முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை, சாமணத்தை விரலுக்கு நடுவில் நான்தான் வைத்துவிட வேண்டும். மூன்றாவது வாரம் சாமணத்தை விட்டுவிட்டு வெறும் விரலால் கொட்டையைத் தட்டின் ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு வந்து, அங்கே கவ்வப் பார்த்தார். தட்டின் விளிம்பு அவருக்கு மூன்றாவது விரலாகிவிட்டது. நேற்று ஐந்து நிமிடத்தில் ஒன்பது கொட்டையைப் பல்லாங்குழிக்குள் போட்டார். (பிசியோ அக்கா, பல்லாங்குழி யோசனைக்கு நன்றி. அம்மா இப்போது ஆட்டத்துக்கும் கூப்பிடுகிறார்.) விடுவதுதான் இன்னும் கஷ்டம். குழிக்கு மேலே கை போனதும் விரல் இறுகிவிடுகிறது, கொட்டை விழ மாட்டேன் என்கிறது. கையை உதறுகிறார்.

பிசியோ அக்கா:

ஒன்பது நல்ல எண்ணிக்கை. உதற விடாதீர்கள், உதறினால் இறுக்கம் கூடும். மணிக்கட்டைக் கொஞ்சம் கீழ்ப்பக்கம் மடக்கினால் விரல் தானாகத் தளரும், அப்போது விடச் சொல்லுங்கள். 'விடுகிற' படியைப் பதிவில் தனியாகச் சேருங்கள். இப்போது உங்கள் பதிவு முழுக்க எடுப்பதும் வைப்பதும்தான் என்று நினைக்கிறேன். கொட்டையை எடுக்கும்போது தோள் காதுப் பக்கம் ஏறுகிறதா என்பதையும் பாருங்கள்.

இருபதாவது வளைவு:

வெண்காரம் கதையை வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன் கண்ணு. புளியங்கொட்டை பழகிவிட்டால் அடுத்தது மிளகுதான். விலாசத்தைத் தனிச்செய்தியில் அனுப்பு, அரைக் கிலோ அனுப்புகிறேன், எங்கள் கொடி மிளகு.

பிசியோ அக்கா:

ஐயா, அவசரப்படாதீர்கள். மிளகுக்கு முன்னால் கொண்டைக்கடலை.

இருபதாவது வளைவு:

சரி சரி. மிளகு ரசத்துக்கு ஆகட்டும்.